பேரலல் ஒயர் கணக்கு: வாசகர் கேள்விகளும் வைண்டிங் கடைக்காரர் பதில்களும்

(பதில் சொல்பவர் மன்னார்குடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒயர்களைப் பக்கத்தில் பக்கம் சேர்ப்பது, அதாவது பேரலல் என்கிற பக்க இணைப்பு பற்றியவை.)

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கிறேன். 4 ஓம், 12 ஓம் ஒயர்களைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மொத்த மின்தடை எவ்வளவு என்று வகுப்பில் கேட்டார்கள். நான் 1/3 என்று எழுதினேன். தோழி 8 என்று எழுதினாள். இரண்டும் தப்பு என்று டீச்சர் சுழித்துவிட்டார். இரண்டு தடைகள் சேரும்போது தடை எப்படிக் குறையும்?
– மாணவி, நீடாமங்கலம்

பதில்: நீ முக்கால் கிணறு தாண்டிவிட்டாய் அம்மா. 1/4-யும் 1/12-யும் கூட்டினால் 4/12, அதாவது 1/3. கூட்டல் சரிதான். ஆனால் கையில் இருப்பது தடையைத் தலைகீழாகப் போட்ட எண். அதை மறுபடி நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தினால் 3. விடை 3 ஓம். தோழி எழுதியது வெறும் சராசரி, அதற்கு இங்கே வேலையே இல்லை.

ஏன் குறைகிறது என்று கேட்டாயே, அதுதான் நல்ல கேள்வி. உங்கள் ஊர் வாய்க்காலில் மதகு பார்த்திருப்பாய். ஒரு கண் திறந்து தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணையும் திறந்துவிட்டால் தண்ணீர் கூடுமா, குறையுமா? கண் எவ்வளவு குறுகலாக இருந்தாலும் கூடத்தான் செய்யும். 12 ஓம் ஒயர் அந்தச் சின்னக் கண். அது 4 ஓம் ஒயருக்கு எந்த இடைஞ்சலும் செய்வதில்லை, தனியாக இன்னொரு வழி விடுகிறது. எவ்வளவு விடுகிறது என்பதற்குப் பெயர் கடத்துத்திறன். 1-ஐத் தடையால் வகுத்தால் வருவது அது. பக்க இணைப்பில் கூடுவது அதுதான், தடை இல்லை.

சூத்திரம் மறந்துபோனால் 12 வோல்ட் பேட்டரி ஒன்றை மனதில் வைத்துக்கொள். 4 ஓம் ஒயரில் 3 ஆம்பியர் போகும். 12 ஓம் ஒயரில் 1 ஆம்பியர் போகும். பேட்டரியிலிருந்து கிளம்புவது 4 ஆம்பியர். 12-ஐ 4-ஆல் வகு. 3 ஓம் வந்துவிட்டது.

பரீட்சையில் விடை எழுதியதும் சரி பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பக்க இணைப்பில் மொத்தத் தடை, இருப்பதிலேயே சின்னத் தடையைவிடக் குறைவாக இருக்க வேண்டும். அதே சமயம், அந்தச் சின்னத் தடையை ஒயர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதற்குக் கீழே போகக்கூடாது. இரண்டு ஒயருமே 4 ஓமாக இருந்தால்கூட 2 ஓம்தான் வரும். ஒன்று 12 ஓம் என்னும்போது அதற்கும் கீழே எப்படிப் போகும்? ஆக விடை 2-க்கும் 4-க்கும் நடுவில் இருந்தாக வேண்டும். உன் 1/3-ம் நிற்கவில்லை, தோழியின் 8-ம் நிற்கவில்லை.

இன்னொன்று. பெருக்கிக் கூட்டலால் வகுப்பது என்று ஒரு குறுக்குவழி சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 4 × 12 = 48, 4 + 12 = 16, வகுத்தால் 3. அது இரண்டு ஒயருக்கு மட்டும்தான். 2, 3, 6 ஓம் என்று மூன்று வந்தால் எல்லாவற்றையும் பெருக்கி 36, கூட்டி 11, வகுத்து 3.27 என்று எழுதுகிற பிள்ளைகள் உண்டு. சின்னத் தடையே 2 ஓம் எனும்போது 3.27 எப்படி வரும்? தலைகீழாகப் போட்டுக் கூட்டு: 1/2 + 1/3 + 1/6 = 1. சரியான விடை 1 ஓம்.

கேள்வி: வீட்டு மீட்டரிலிருந்து 120 மீட்டர் தள்ளித் தோப்பில் 1 எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடுகிறது. போட்டிருப்பது 1.5 செம்பு ஒயர். சாயங்காலம் ஆனால் மோட்டார் உறுமுகிறது, கிளம்ப மறுக்கிறது. கஜா புயலுக்கு அப்புறம் வாங்கிப் போட்ட 2.5 ஒயர் மூன்று காயில் வீட்டில் சும்மா கிடக்கிறது. அதையும் கூட இழுத்து, பழைய ஒயரோடு இரண்டு முனையிலும் முறுக்கிவிடலாமா?
– தென்னை விவசாயி, பட்டுக்கோட்டை பக்கம்

பதில்: கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்வோம் ஐயா. 120 மீட்டர் என்றால் ஒயருக்கு 240 மீட்டர். போக ஒன்று, வர ஒன்று. இதை விட்டுவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம்.

1.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 12 ஓம். 240 மீட்டருக்கு 2.9 ஓம். உங்கள் மோட்டார் 7 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் வழியிலேயே 20 வோல்ட் போய்விடுகிறது. சாயங்காலம் மீட்டரிலேயே 205 வோல்ட்தான் வருகிறது என்றால் தோப்பில் 185. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230-க்குப் பதில் 185 கிடைத்தால் முறுக்குவிசை மூன்றில் இரண்டு பங்குகூட இருக்காது. அதுவும் ஓடும்போது உள்ள கதை. கிளம்பும் நேரத்தில் மோட்டார் ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும், ஒயரில் இறங்கும் வோல்டேஜும் அப்போது பல மடங்காகும். அந்த உறுமல் அதுதான்.

2.5 ஒயர் கிலோமீட்டருக்கு 7.4 ஓம். 240 மீட்டருக்கு 1.78 ஓம். இரண்டையும் பேரலலாகச் சேர்த்தால் 2.9 × 1.78-ஐ 4.68-ஆல் வகுக்க வேண்டும். 1.1 ஓம் வரும். 7 ஆம்பியருக்கு 7.7 வோல்ட்தான் இறங்கும். நீளமும் உலோகமும் ஒன்றாக இருப்பதால் இதைவிடச் சுலபமான வழியும் உண்டு: 1.5-யும் 2.5-யும் கூட்டி, 4 சதுர மி.மீ. ஒயர் ஒன்று போட்டதாக நினைத்துக்கொள்ளலாம். 4 ஒயர் கிலோமீட்டருக்கு 4.6 ஓம், 240 மீட்டருக்கு அதே 1.1.

சரி, செய்யலாமா? என்னைக் கேட்டால் 1.5-ஐக் கழற்றி வைத்துவிட்டு 2.5-ஐ மட்டும் போடுங்கள் என்பேன். 2.5 தனியாக இருந்தாலே 12.5 வோல்ட்தான் இறங்கும். பேரலல் போட்டுக் கிடைக்கும் கூடுதல் லாபம் 5 வோல்ட்கூட இல்லை. அதற்காக நான்கு இடத்தில் கூடுதல் ஜாயின்ட், அதுவும் மழையிலும் மட்டை விழும் தோப்பிலும். அவசியம் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் கையால் முறுக்கி டேப் சுற்றுகிற வேலை வேண்டாம், லக் (ஒயர் முனையில் மாட்டி நசுக்கும் உலோகக் குழல்) போட்டு அழுத்திப் பிடியுங்கள். அப்புறம், கரண்ட் இரண்டிலும் சமமாகப் பிரியாது: 2.5-ல் 4.3 ஆம்பியர், 1.5-ல் 2.7. நாளைக்கு எலி கடித்து 2.5 அறுந்தால் மோட்டார் நிற்காது, 7 ஆம்பியரும் சத்தமில்லாமல் 1.5 வழியாகப் போகும். அதனால் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) இரண்டின் தெம்பையும் கூட்டிப் போடுவதில்லை. மெலிந்த ஒயர் தாங்கும் அளவுக்குத்தான், 10 ஆம்பியரே போதும். 4 ஒயர் கணக்கு ஆகிவிட்டதே என்று 25 போட்டீர்கள் என்றால், எம்.சி.பி. விழுவதற்கு முன்னால் ஒயர் உருகும்.

ஒரு எச்சரிக்கை, சிரிக்காதீர்கள். இரண்டு ஒயரும் மீட்டர் பக்கம் ஒரே டெர்மினலில் இருந்துதான் கிளம்ப வேண்டும். த்ரீ ஃபேஸ் வீட்டில் ஒன்றை இந்த ஃபேஸிலும் இன்னொன்றை அந்த ஃபேஸிலும் கொடுத்து மறுமுனையைச் சேர்த்தால் அது பேரலல் ஆகாது. 415 வோல்ட் ஷார்ட்.

கேள்வி: பாதித் தூரம் அலுமினியம் ஒயர் இருக்கிறது. அதே கனத்தில் செம்பு ஒயரை அதோடு பேரலலாக ஓட்டலாமா?
– வாசகர், வேதாரண்யம்

பதில்: வேண்டாம். கணக்கு வரும்: அலுமினியத்தின் தடை செம்பைப்போல 1.6 மடங்கு, அதனால் செம்பு 62 சதவீதமும் அலுமினியம் 38 சதவீதமும் கரண்ட்டை எடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டும் சேரும் முனையில் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம்.

கேள்வி: மாஸ்டர், வைண்டிங் கடையில் வேலை கற்றுக்கொள்கிறேன். 19 கேஜ் எனாமல் ஒயர் ஸ்டாக் இல்லை என்றால், '22 கேஜ் ரெண்டு சேர்த்துச் சுத்து, மூணு நம்பர் ஏறினா பாதி' என்கிறார் எங்கள் முதலாளி. எல்லா கேஜுக்கும் இது பொருந்துமா?
– தொழில் பழகுபவர், கும்பகோணம்

பதில்: தம்பி, 19-க்கு உங்கள் முதலாளி சொன்னது அச்சாக சரி. மற்ற கேஜுக்கு நம்பாதே. கேஜ் என்பது ஒயரின் கன நம்பர், நம்பர் ஏற ஏற ஒயர் மெலியும். மூன்று நம்பருக்குச் செம்பு பாதி என்பது அமெரிக்க கேஜில் உள்ள ஒழுங்கு. நம் கடைகளில் புழங்குவது எஸ்.டபிள்யூ.ஜி. என்கிற பழைய ஆங்கிலேயர் கேஜ். அதில் நம்பருக்கு நம்பர் இடைவெளி ஒரே மாதிரி இருக்காது.

பை, ஆரம் எல்லாம் வேண்டாம். விட்டத்தின் வர்க்கத்தைக் கூட்டிப் பார். 19 கேஜ் விட்டம் 1.016 மி.மீ., வர்க்கம் 1.03. 22 கேஜ் 0.711 மி.மீ., வர்க்கம் 0.505, இரண்டு சேர்ந்தால் 1.01. இரண்டு சதவீதம் குறைச்சல், பரவாயில்லை. இப்போது 18-ஐ எடு. விட்டம் 1.219, வர்க்கம் 1.486. மூன்று நம்பர் ஏற்றி 21 கேஜ் இரண்டு போட்டால், 0.813-இன் வர்க்கம் 0.661, இரண்டுக்கு 1.322. பத்து சதவீதத்துக்கு மேல் செம்பு குறைந்துவிட்டது. தடை ஏறும், அதே லோடில் மோட்டார் கூடுதலாகச் சுடும். கோடையில் நாள் முழுக்க ஓடுகிற மோட்டாருக்கு அது விஷப்பரீட்சை.

18-க்கு என்ன செய்வது? 20 கேஜ் ஒன்று, 21 கேஜ் ஒன்று. 0.835-யும் 0.661-யும் சேர்ந்தால் 1.496. கச்சிதம். இரண்டும் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒரே காயிலில், ஒரே ஸ்லாட்டில் (காயில் இறங்கும் பள்ளத்தில்), சேர்ந்தே ஓடுகிற ஒயர்கள். கனத்துக்கு ஏற்ற பங்கை ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும். எனாமல் மட்டும் இரட்டிப்பாக இருப்பதால் ஸ்லாட் கொஞ்சம் நெருக்கும், மூங்கில் குச்சி தட்டி இறக்கும்போது எனாமல் உரியாமல் பார்த்துக்கொள்.

இதெல்லாம் கணக்கு. வேலை கெடுவது கணக்கில் இல்லை, சுரண்டுவதில். இரண்டு ஒயரைச் சேர்த்துச் சுற்றினால் முனையில் இரண்டையும் எனாமல் போகச் சுரண்ட வேண்டும், இரண்டிலும் ஈயம் பிடிக்க வேண்டும். அவசரத்தில் ஒன்றை நன்றாகச் சுரண்டிவிட்டு மற்றதை அதன் மேலேயே முறுக்கிப் பற்ற வைத்துவிடுவார்கள். வெளியே பார்த்தால் அழகாகப் பளபளக்கும். உள்ளே ஒரு ஒயர் வேலையே செய்யாது. மோட்டார் ஓடும், லோடு கொடுத்தால் சூடு கிளம்பி வார்னிஷ் நாற்றம் வரும்.

அதனால் வார்னிஷில் முக்குவதற்கு முன்னால் மூன்று ஃபேஸையும் அள. 3.1, 3.1, 3.1 என்று வந்தால் நிம்மதி. 3.1, 3.1, 6.2 என்று வந்தால் மூன்றாவது ஃபேஸில் ஒரு ஒயர் முழுசாகச் சும்மா இருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஃபேஸில் காயில்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சில குரூப்பாக வரும். சில பேர் ஒவ்வொரு குரூப்புக்கும் முனையில் இரண்டையும் சேர்த்துக்கொண்டே போவார்கள். அப்படிப்பட்ட மோட்டாரில், நான்கு குரூப்பில் ஒன்று மட்டும் பிடிக்கவில்லை என்றால் அந்தக் கால் பங்கின் தடை மட்டும் இரட்டிப்பாகும். மீட்டரில் 3.9 காட்டும். இந்த 3.9-ஐத்தான் 'மீட்டர் கோளாறு' என்று தள்ளிவிடுவார்கள். மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார், 0.3 என்றோ 0.4 என்றோ காட்டும், அது மீட்டர் ஒயரின் தடை. அதைக் கழித்த பிறகும் மூன்று ஃபேஸும் ஒத்துவராவிட்டால் கோளாறு உன் கையில்.

கேள்வி: எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸ் மட்டும் போட்டால் ஒன்றும் ஆவதில்லை. கூடவே எலெக்ட்ரிக் கெட்டிலையும் போட்டால் ஒயர் தொட முடியாதபடி சுடுகிறது. இரண்டு மடங்கு சுட்டால் சரி, இது எக்கச்சக்கமாக இருக்கிறதே?
– இல்லத்தரசி, திருவாரூர்

பதில்: உங்கள் கை சரியாகத்தான் அளந்திருக்கிறது அம்மா. பாக்ஸில் உள்ள ஓட்டைகள் எல்லாம் பேரலல். 1000 வாட் அயர்ன் பாக்ஸின் தடை 52.9 ஓம், 1500 வாட் கெட்டில் 35.3 ஓம். இரண்டும் சேர்ந்தால் 21.2 ஓம். முன்பு 4.3 ஆம்பியர் போன ஒயரில் இப்போது கிட்டத்தட்ட 11 ஆம்பியர். கரண்ட் இரண்டரை மடங்கு, ஆனால் ஒயரின் சூடு கரண்ட்டின் வர்க்கத்தில் ஏறும்: ஆறேகால் மடங்கு. 5 மீட்டர் மெல்லிய ஒயரில் 5 வாட் சூடு இருந்த இடத்தில் 30 வாட்டுக்கு மேல். அதைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருந்தால் சூடு வெளியே போகவும் வழியில்லை. கெட்டிலைச் சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக்குக்கு மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் அரிசி ஆலையில் எர்த் அளந்தபோது 6 ஓம் காட்டியது. பக்கத்திலேயே இரண்டடி தள்ளி இன்னொரு பைப் இறக்கினோம். அதுவும் தனியாக 6 ஓம். இரண்டையும் பட்டை போட்டு இணைத்தால் 3 வரும் என்றுதானே கணக்கு? 4.2 காட்டுகிறது. பட்டையில் கோளாறா?
– ஆலை உரிமையாளர், திருத்துறைப்பூண்டி

பதில்: பட்டையில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை, பேரலல் சூத்திரத்திலும் கோளாறு இல்லை. உங்கள் இரண்டு எர்த்தும் உண்மையில் தனித்தனி வழி இல்லை. எர்த் பைப்பின் தடை என்பது இரும்பின் தடை அன்று, பைப்பைச் சுற்றியுள்ள மண்ணின் தடை. கரண்ட் பைப்பிலிருந்து நாலா பக்கமும் பரவுகிறது. பைப்பை ஒட்டியுள்ள மண்ணில்தான் தடையின் பெரும்பங்கு. இரண்டடி தள்ளி வைத்த பைப்புகள் இரண்டும் அதே மண்ணைத்தான் பங்கு போடுகின்றன.

பைப் 3 மீட்டர் ஆழம் என்றால் அடுத்ததைக் குறைந்தது 3 மீட்டராவது தள்ளிப் போட வேண்டும், 6 மீட்டர் இருந்தால் ரொம்ப நல்லது. அப்போது 3 ஓமுக்குப் பக்கத்தில் வரும். கொட்டிய காசு வீண் இல்லை, 6-லிருந்து 4.2-க்கு இறங்கியதும் லாபம்தான்.

எப்போது அளந்தீர்கள் என்று எழுதவில்லை. டெல்டா களிமண்ணில் ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அளந்தால் யாருக்கும் நல்ல எண்தான் வரும். சித்திரை வைகாசியில் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது, மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்வதற்கு முன்னால், ஒரு தடவை அளந்து பாருங்கள். அந்த எண்ணைத்தான் நான் நம்புவேன். அதுவரை எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதை வாட்ச்மேன் வேலையில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் கொடுத்த 2.5 ஒயரை உரித்தால் உள்ளே மயிரிழை மாதிரி 36 இழை. அதில் நாலைந்து அறுந்தால் என்ன ஆகும்?
– வாசகர், பாபநாசம்

பதில்: அந்த ஒயரே ஒரு பேரலல் இணைப்புத்தான். ஒவ்வோர் இழையும் 0.3 மி.மீ. 90 மீட்டர் காயிலில் ஓர் இழை மட்டும் கிட்டத்தட்ட 22 ஓம். 36 சேர்ந்தால் 0.6 ஓம். முனையில் ஆறு இழை அறுந்தால் அந்த ஒரு சென்டிமீட்டரில் மட்டும் தடை 1.2 மடங்கு, அது கணக்கிலேயே வராது. ஸ்குரூ லூசாக இருப்பதுதான் ஆபத்து. கத்தியை நேராக வைத்துச் சீவாமல் சாய்த்துச் சீவினால் இழை அறாது. பல்லால் கடித்து உரிக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

கேள்வி: 12 ஓம் ஒயர் ஒன்றைச் சரிபாதியாக வெட்டி, இரண்டு துண்டையும் பேரலலாகச் சேர்த்தால் எத்தனை ஓம்? 'பாதியாக வெட்டியதால் 6' என்கிறான் பேரன். உங்களுக்கு இது தெரியுமா என்று பார்க்கிறேன்!
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், திருவையாறு

பதில்: ஐயா, சோதனைக்கு வணக்கம். துண்டு ஒன்று 6 ஓம் என்பதில் பேரன் சரி. அதோடு நிறுத்திவிட்டான். இரண்டு 6 ஓம் பேரலலில் 3 ஓம். நீளம் பாதி, கனம் இரட்டிப்பு, ஆகவே கால் பங்கு. மூன்றாக வெட்டிச் சேர்த்தால் ஒன்பதில் ஒரு பங்கு.

பதிலுக்கு நான் ஒன்று கேட்கிறேன். அதே 12 ஓம் ஒயரை வெட்டாமல் வளையமாக வளைத்து முனைகளைப் பற்ற வைத்துவிடுங்கள். நேரெதிர் இரண்டு புள்ளிகளில் மீட்டரைத் தொட்டால் இப்போதும் 3 ஓம்தான். நேரெதிராக இல்லாமல் கால் வட்டம் தள்ளித் தொட்டால்? பேரனைப் போடச் சொல்லுங்கள். 2.25 வரவில்லை என்றால் அவன் போட்ட வழியை அப்படியே எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.